மாதக்கணக்கில் முன்பே போட்ட விமான டிக்கெட்: நேரம் மாறினால், பிளைட் ரத்தானால் என்ன செய்வது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

களியக்காவிளை தாண்டியோ ஆரியங்காவு வழியாகவோ திருவனந்தபுரம் போய் பிளைட் ஏறுகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வர ஜூன் மாதமே டிக்கெட் போடுகிறவர்கள், பள்ளி லீவுக்குப் பிள்ளைகளை வளைகுடாவுக்கு அழைத்துப் போகிறவர்கள், இங்கே இருந்துகொண்டு அவர்களுக்காக ஏஜென்சிக்கு நடக்கிற அப்பா அம்மா, எல்லோருக்கும் இதே கேள்விகள்தான் வருகின்றன.

ஆறு மாசத்துக்கு முன்னாலேயே கன்ஃபர்ம் ஆன டிக்கெட். இப்போது நேரம் மாறிவிட்டது என்று மெசேஜ் வருகிறதே, அது எப்படி?

கன்ஃபர்ம் ஆனது உங்கள் இடம்தான். நேரம் அந்த அளவுக்கு உறுதியானதல்ல. விமான நிறுவனங்கள் ஏறக்குறைய 11 மாதத்துக்கு முன்பிருந்தே டிக்கெட் விற்கின்றன. ஆனால் உலகம் முழுக்க விமான அட்டவணை இரண்டு பருவமாகத்தான் முடிவாகிறது. கோடைக்கால அட்டவணை மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். எந்த விமான நிலையத்தில் எந்த நேரத்துக்கு இறங்கலாம், ஏறலாம் என்ற ஒதுக்கீடும், நம் நாட்டில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ தரும் ஒப்புதலும் அந்தந்தப் பருவத்துக்குச் சில மாதம், சில வாரம் முன்புதான் இறுதியாகும். அதுவரை நிறுவனம் விற்பது போன வருட அட்டவணையை ஒட்டிய உத்தேச நேரத்தை. ஜூனில் போட்ட டிசம்பர் டிக்கெட்டுக்கு செப்டம்பர், அக்டோபரில் மெசேஜ் வருவது இதனால்தான்.

திருவனந்தபுரத்துக்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. அங்கே ஓடுபாதை ஒன்றே ஒன்று. அதைப் புதுப்பிக்கிற வேலைக்காக 2025 ஜனவரி 14 முதல் மார்ச் கடைசி வரை காலை 9 மணியிலிருந்து மாலை 6 மணி வரை மூடிவிட்டார்கள். பகல் பிளைட்டுகள் எல்லாம் இரவுக்கும் விடியற்காலைக்கும் தள்ளிப்போயின. இன்னொன்று பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு. பங்குனியிலும் ஐப்பசியிலுமாக வருடத்துக்கு இரண்டு முறை சாமி ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அந்த நாள்களில் மாலையில் சில மணி நேரம் விமானம் ஏறாது, இறங்காது. அந்தச் சமயத்தில் பயணம் என்றால் மாலை நேர டிக்கெட்டைத் தவிர்ப்பது நல்லது.

மெயிலில் 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தலாமா?

பார்த்து முடிக்கும்வரை அழுத்தாதீர்கள். அழுத்திவிட்டால் புதிய நேரத்துக்கு நீங்கள் சம்மதித்ததாகக் கணக்கு. பிறகு முழுப் பணம் கேட்டால், 'ஏற்றுக்கொண்டுவிட்டீர்களே' என்ற பதில்தான் வரும்.

முதலில் தேதியைப் பாருங்கள். வளைகுடா பிளைட்டுகள் பல நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகின்றன. 15-ஆம் தேதி 00:30 மணிக்குக் கிளம்ப வேண்டியது 23:50 ஆக மாறினால் வித்தியாசம் 40 நிமிடம்தான், ஆனால் தேதி 14 ஆகிவிடும். மெசேஜில் நேரத்தை மட்டும் படித்துவிட்டு மறுநாள் இரவு போய் நிற்பவர்கள் உண்டு. அடுத்து, எந்த ஊரில் ஏற வேண்டும் என்பது. திருவனந்தபுரம் கொச்சி ஆகியிருக்கலாம். நேராகப் போகிற பிளைட், வழியில் மாறிப் போகிறதாகியிருக்கலாம். மாறி ஏறும் ஊரில் கிடைக்கும் இடைவெளி ஒரு மணி நேரத்துக்குக் கீழே சுருங்கியிருக்கலாம், பதினைந்து மணி நேரமாக நீண்டும் இருக்கலாம். குடும்பமாகப் போட்டிருந்தால் எல்லாப் பெயரும் ஒரே பிளைட்டுக்கு மாறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிள்ளைகள் வேறு பிஎன்ஆரில் இருந்தால் அவர்கள் பழைய பிளைட்டிலேயே நின்றுவிடக்கூடும்.

பழைய நேரம் உள்ள டிக்கெட்டையும் புதிய மெசேஜையும் அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நிறுவனத்தின் தளத்தில் பழைய நேரம் மறைந்துவிடும். பிறகு எவ்வளவு மாறியது என்று நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

எவ்வளவு நேரம் மாறினால் முழுப் பணம் கேட்கலாம்?

இதில்தான் குழப்பம் அதிகம். மூன்று விதமாகப் பிரித்துப் பாருங்கள்.

பிளைட்டே ரத்து என்றால் கணக்கு எளிது. டிஜிசிஏ விதிப்படி உங்களுக்கு ஏற்புடைய மாற்று விமானம் அல்லது பணம். எத்தனை மாதம் முன்பே சொன்னாலும் இது மாறாது. அந்த பிளைட் நம்பரை எடுத்துவிட்டு வேறு நம்பரில், வேறு நேரத்தில் போட்டிருந்தால் அதுவும் பெரும்பாலும் ரத்துதான். 'நேர மாற்றம்' என்று மெசேஜில் எழுதியிருந்தாலும் பழைய நம்பர் அந்தத் தேதியில் ஓடுகிறதா என்று தேடிப் பாருங்கள்.

கிளம்புகிற சமயத்தில் ஏற்படும் தாமதம் வேறு. உள்நாட்டு பிளைட் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ தர வேண்டும் என்று அதே விதி சொல்கிறது.

மாதங்களுக்கு முன்பே வரும் நேர மாற்றத்துக்கு நிறுவனத்தின் பயண நிபந்தனைகளைத்தான் பார்க்க வேண்டும். உள்நாட்டில் ஒரு மணி நேரம் முன்னால் போனாலோ இரண்டு மணி நேரம் பின்னால் போனாலோ கட்டணமின்றி மாற்றவும் ரத்து செய்யவும் விடுகிற நிறுவனங்கள் உண்டு. வெளிநாட்டு நிறுவனங்களின் அளவு ஒன்றுக்கொன்று மாறும். அவர்களுடைய தளத்தில் அட்டவணை மாற்றம் பற்றிய பக்கத்தைத் தேடி, அந்த வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உங்கள் மெயிலோடு இணையுங்கள். அவர்கள் எழுதி வைத்ததையே காட்டிக் கேட்கும்போது இழுத்தடிப்பது குறையும்.

அமெரிக்கா போகிற, அங்கிருந்து வருகிற டிக்கெட் என்றால் அந்த நாட்டு விதி தெளிவானது. சர்வதேசப் பயணத்தில் கிளம்புவதோ சேர்வதோ 6 மணி நேரம் அல்லது அதற்கு மேல் மாறினால், ஏறும் இறங்கும் விமான நிலையம் மாறினால், மாறி ஏறும் இடம் கூடினால், நீங்கள் மாற்றுப் பயணத்தை ஏற்காத பட்சத்தில் பணம் தானாகத் திரும்ப வர வேண்டும். கார்டில் கட்டியிருந்தால் 7 வேலை நாள். 2024-இல் வந்த விதி இது.

மாற்றம் பிடிக்கவில்லை. நானே ஆப்பில் கேன்சல் பண்ணிவிட்டுப் பிறகு பேசிக்கொள்ளலாமா?

வேண்டவே வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். நிறுவனம் மாற்றியதால் நீங்கள் விலகுவது ஒரு வகை ரீஃபண்ட். நீங்களாக விலகுவது வேறொரு வகை. டிக்கெட் கவுன்டரிலும் ஏஜென்சியிலும் முன்னதை 'இன்வாலன்டரி' என்றும் பின்னதை 'வாலன்டரி' என்றும் சொல்வார்கள். ஆப்பில் சாதாரண கேன்சல் பட்டனை அழுத்தினால் அது வாலன்டரியாகவே பதிவாகும். ரத்துக் கட்டணம் பிடித்துவிட்டு மிச்சம்தான் வரும். ஒருமுறை பதிவாகிவிட்டதைத் திருப்புவது பெரும் பாடு.

உதாரணத்துக்கு 18,000 ரூபாய் டிக்கெட். அதில் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்த்து 13,500, மீதி 4,500 வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் என்று வையுங்கள். நீங்களாக ரத்து செய்தால் அந்த 13,500 முழுவதையும்கூட ரத்துக் கட்டணமாகப் பிடிக்கலாம். அதற்கு மேல் பிடிக்க விதி இல்லை. நிறுவனம் ரத்து செய்தால் 18,000-மும் உங்களுடையது. நான்கு பேர் குடும்பத்துக்கு இந்த ஒரு பட்டனின் வித்தியாசம் 54,000 ரூபாய்.

சில நிறுவனங்கள் நேர மாற்றம் ஆன புக்கிங்குக்கென்று தனி லிங்க் தருகின்றன. அதற்குள் போய் ரீஃபண்ட் தொகை முழுதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு ரூபாய் குறைந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு எழுத்தில் கேளுங்கள்.

என்னவென்று எழுதிக் கேட்பது?

நீளமாக வேண்டாம். பிஎன்ஆர், 13 இலக்க டிக்கெட் நம்பர், பயணிகள் பெயர், பழைய பிளைட் நம்பர் நேரம், புதிய பிளைட் நம்பர் நேரம். பிறகு நான்கே வாக்கியம்: இந்த மாற்றத்தை நான் ஏற்கவில்லை, இன்வாலன்டரி ரீஃபண்ட் வேண்டும், கட்டிய வழியிலேயே திருப்பித் தரவும், வவுச்சர் வேண்டாம். காசு கொடுத்து எடுத்த சீட், கூடுதல் லக்கேஜ், சாப்பாடு இருந்தால் அவற்றையும் தனி வரியில் சேருங்கள். அவை தனி ரசீதில் இருப்பதால் டிக்கெட் பணம் வந்த பிறகும் விட்டுப்போவதுண்டு. போனில் பேசினால் பேசி முடித்ததும் அதே விஷயத்தை மெயிலாகவும் அனுப்புங்கள். புகார் எண் இல்லாமல் போனை வைக்காதீர்கள்.

போகவர ஒரே டிக்கெட்டாக எடுத்து, போகிற பிளைட் மட்டும் ரத்தானால் இரண்டுக்கும் சேர்த்துப் பணம் கேட்கலாம். போய்ச் சேர்ந்த பிறகு திரும்பி வருவது ரத்தானால் அந்தப் பாதிக்கு உரியதுதான் வரும். அது சரியாக டிக்கெட்டின் பாதித் தொகையாக இருக்கும் என்பதில்லை.

மார்த்தாண்டத்தில் ஒரு டிராவல்ஸில் எடுத்தோம். விமான நிறுவனம் 'ஏஜென்டைக் கேளுங்கள்' என்கிறது, அவர்கள் 'கம்பெனி இன்னும் தரவில்லை' என்கிறார்கள்.

பொறுப்பு விமான நிறுவனத்துடையது. ஏஜென்ட் அவர்களுடைய பிரதிநிதி என்பதால் பணம் சேர்வதை நிறுவனமே உறுதி செய்ய வேண்டும் என்று டிஜிசிஏ விதியிலேயே இருக்கிறது. 2016-இல் இதற்கு 30 வேலை நாள் கெடு வைத்தார்கள். அதைக் குறைக்கும் வரைவை 2025 நவம்பரில் வெளியிட்டார்கள். வேலை நாள் என்பதால் அந்த 30 என்பது நடைமுறையில் ஒன்றரை மாதத்தை நெருங்கியது.

ஆனால் நடப்பில் பணம் போன வழியாகத்தான் திரும்பும்: நிறுவனத்திலிருந்து ஏஜென்சி கணக்குக்கு, அங்கிருந்து உங்களுக்கு. எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. நிறுவனத்திடம் 13 இலக்க டிக்கெட் நம்பரைச் சொல்லி, 'இந்த டிக்கெட்டின் நிலை என்ன, ரீஃபண்ட் ஆகிவிட்டதா, எந்தத் தேதியில்' என்று மட்டும் கேளுங்கள். ஆகிவிட்டது என்றால் பணம் ஏஜென்சியில் இருக்கிறது. இன்னும் 'ஓப்பன்' என்றால் ஏஜென்ட் விண்ணப்பமே போடவில்லை என்று பொருள். அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ஏஜென்சியில் போடும்போதே இரண்டு காரியம் செய்யுங்கள். முதலாவது, டிக்கெட்டில் உங்கள் மொபைல் நம்பரும் மெயிலும் இருக்கட்டும். கடைக்காரர் தன்னுடைய நம்பரைப் போட்டால் நேர மாற்ற மெசேஜ் அவருக்குத்தான் போகும். கடை பூட்டிய ஞாயிற்றுக்கிழமை வந்த மெசேஜ் உங்களுக்குத் தெரியாது. நம்பர் தராத பயணிக்கு இழப்பீடும் கிடையாது. வளைகுடாவில் இருப்பவருக்கு இங்கிருந்து போட்டால் அவருடைய அந்த ஊர் நம்பரைக் கொடுங்கள். இரண்டாவது, அது 'குரூப் ஃபேர்' டிக்கெட்டா என்று கேளுங்கள். சீசனுக்கு ஏஜென்சிகள் மொத்தமாக இடம் வாங்கி விற்பதுண்டு. விலை குறைவாக இருக்கும், ஆனால் நீங்களாக ரத்து செய்தால் ஒன்றும் வராது என்ற நிபந்தனையோடு வரும். நிறுவனமே ரத்து செய்தால் என்ன தருவீர்கள் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். ஏஜென்சியின் சர்வீஸ் சார்ஜும் இணையதளங்களின் கன்வீனியன்ஸ் கட்டணமும் பெரும்பாலும் திரும்பாது.

நிறுவனத்திடம் நேரடியாக எடுத்திருந்தால் பணம் எத்தனை நாளில் வரும்?

கிரெடிட் கார்டு என்றால் ரத்தான 7 நாளுக்குள் கார்டு கணக்குக்கு வர வேண்டும். கவுன்டரில் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதே அலுவலகத்தில் உடனே. வெளிநாட்டு நிறுவனங்கள் எவ்வளவு திருப்பித் தருவது என்பதில் தங்கள் நாட்டு விதியைப் பின்பற்றலாம். எந்த வழியில் தருவது என்பதில் நம் விதிதான்.

அனுப்பிவிட்டோம் என்று சொல்லியும் வரவில்லை என்றால் கார்டுக்கு ஏஆர்என் என்ற 23 இலக்க எண்ணைக் கேளுங்கள். யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண். அதைக் கொடுத்தால் பணம் எங்கே இருக்கிறது என்று பாங்க் தேடிச் சொல்லும். கார்டு மாறியோ கணக்கு மூடியோ இருந்தால் ரீஃபண்ட் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மாதங்களுக்கு முன்பு எடுத்த டிக்கெட்டில் இது அடிக்கடி நடக்கிறது.

வவுச்சர் தருகிறோம், அடுத்த வருடம் வரை பயன்படுத்தலாம் என்கிறார்கள்.

எடுப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். பணத்தை நிறுவனம் தன்னிடமே வரவு வைத்துக்கொள்வது தானாக நடக்கக் கூடாது என்று விதி சொல்கிறது. கோவிட் சமயத்தில் இது உச்ச நீதிமன்றம் வரை போனது. வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான சட்ட உதவி அமைப்பான பிரவாசி லீகல் செல் தொடுத்த வழக்கில் 2020 அக்டோபர் 1-இல் தீர்ப்பு வந்தது. ஊரடங்குக் காலத்தில் அந்தக் காலத்துப் பயணத்துக்கே போட்ட டிக்கெட்டுகளுக்கு முழுப் பணம் தரச் சொன்னார்கள். அதே நிறுவனத்தில் நிச்சயம் போகப் போகிறீர்கள், தொகைக்கு மேல் கூடுதலாகவும் தருகிறார்கள் என்றால் மட்டும் வவுச்சரை யோசிக்கலாம்.

புதிய நேரமே எங்களுக்குச் சரிதான். ஒன்றும் செய்ய வேண்டாமா?

ஒரு வேலை இருக்கிறது. புக்கிங்கில் நேரம் மாறினாலும் இ-டிக்கெட் பழைய பிளைட் நம்பரோடு நிற்கலாம். ஏஜென்ட் தன் சிஸ்டத்தில் மாற்றத்தை ஏற்று, டிக்கெட்டைப் புதுப்பித்தோ மறுபடி வழங்கியோ தர வேண்டும். விட்டுவிட்டால் விமான நிலையக் கவுன்டரில் 'புக்கிங் இருக்கிறது, டிக்கெட் இல்லை' என்பார்கள். இரவு இரண்டு மணிக்கு அதைச் சரிசெய்ய ஆள் கிடைக்காது. புதிய நேரம் அச்சான இ-டிக்கெட்டை வாங்கி, அதே பிஎன்ஆரை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். பயணத்துக்கு ஒரு மாதம், ஒரு வாரம், மூன்று நாள் முன்பு என மறுபடியும் பாருங்கள்; இரண்டாவது முறையும் மாறுவதுண்டு.

சென்னையிலிருந்து ஒரு டிக்கெட், திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடாவுக்குத் தனி டிக்கெட். முதல் பிளைட் நேரம் மாறிவிட்டது.

தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. முதல் பிளைட்டுக்கு மட்டும் கட்டணமின்றி மாற்றம் கேட்கலாம். அதனால் ஒரே டிக்கெட்டாக எடுப்பது, சில ஆயிரம் கூடினாலும், மேல்.

ரயிலிலும் இதே கவனம் வேண்டும். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. கொச்சியிலிருந்து பிளைட் என்றால், நாகர்கோவிலிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில் போடுகிற அன்று முதலில் பிளைட் நேரத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.

நாங்கள் பிடித்த டாக்ஸி, மண்டபம் மாற்றிய செலவு எல்லாம் கிடைக்குமா?

டிஜிசிஏ விதியில் அதற்கு இடமில்லை. இழப்பீடு என்பதும் மாதங்களுக்கு முன்பே சொன்ன ரத்துக்குக் கிடையாது. கடைசி 24 மணி நேரத்துக்குள் சொன்னாலோ சொல்லாமலே விட்டாலோதான் பேச்சு: மாற்று விமானம், இல்லையென்றால் முழுப் பணத்தோடு இழப்பீடும். ஒரு மணி நேரம் வரையான பிளைட்டுக்கு 5,000, இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000 ரூபாய். ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதைவிடக் குறைவென்றால் அந்தக் குறைந்த தொகை. போர், வான்வெளி மூடல், புயல் போன்றவற்றுக்கு இழப்பீடு இல்லை. 2025 ஜூன் 23 இரவு கத்தார் வான்வெளியை மூடியபோது நடந்தது இந்த வகை. ஆனால் ஓடாத பிளைட்டின் டிக்கெட் பணம் அப்போதும் உங்களுடையதுதான். இரண்டையும் குழப்பிக்கொண்டு 'போர் என்பதால் ஒன்றும் தர மாட்டார்கள்' என்று விட்டுவிடாதீர்கள்.

புதிய தேதியில் போனால் விசா தாண்டிவிடும்.

அமீரகத்தில் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் குடியிருப்பு விசா செல்லாமல் போகும். சவூதிக்கு ரீ-என்ட்ரி தேதி, அதாவது அதற்குள் திரும்ப நுழைந்துவிட வேண்டிய தேதி, இருக்கிறது. கடைசி வாரத்துக்கு டிக்கெட் போட்டிருந்தால் ஒரு நாள் தள்ளினாலும் ஆபத்து. இந்த நிலையில் ரீஃபண்டுக்குக் காத்திருக்காமல், முந்தைய நாள் பிளைட்டுக்குக் கட்டணமின்றி மாற்றித் தரக் கேளுங்கள், விசா நகலை மெயிலில் வையுங்கள். முடிந்தால் விசா முடிய இரண்டு வாரம் இருக்கும்படியே டிக்கெட் போடுங்கள்.

'நான்-ரீஃபண்டபிள்' டிக்கெட், போகவும் இல்லை. ஒன்றுமே வராதா?

வரிகளும் பயணிகளிடம் வாங்கிய விமான நிலையக் கட்டணமும் வரும். நீங்களாகக் கேட்டால்தான் பெரும்பாலும் வரும். திருவனந்தபுரத்தில் 2024 ஜூலையில் சர்வதேசப் பயணி ஒருவர் புறப்படுவதற்கான பயன்பாட்டுக் கட்டணமே 1,540 ரூபாய் ஆனது. ஐந்து பேர் குடும்பத்துக்கு அது விட்டுவிடுகிற தொகையல்ல. இந்தப் பணத்தைத் திருப்பித் தருவதற்கென்று தனிக் கட்டணம் பிடிக்கவும் கூடாது.

நிறுவனமே மூடிவிட்டால்?

ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும் கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் பறப்பதை நிறுத்தின. முன்பே டிக்கெட் போட்டிருந்தவர்கள் அந்த நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்தவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. மாதங்களுக்கு முன்பே போடுகிற டிக்கெட்டுக்குக் கிரெடிட் கார்டை நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். சேவை கிடைக்கவில்லை என்று பாங்கில் 'சார்ஜ்பேக்', அதாவது கார்டில் கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி, கேட்கலாம். பொதுவாகப் பயணத் தேதியிலிருந்து 120 நாளுக்குள் கேட்டுவிட வேண்டும்.

கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அடுத்து எங்கே போவது?

முதலில் நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு. அவர் பெயரும் மெயிலும் தளத்தில் இருக்க வேண்டும். அங்கே சரிவராவிட்டால் மேல்முறையீட்டு அதிகாரிக்கு. கூடவே மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியுங்கள். ஸ்கிரீன்ஷாட்டுகளை அங்கேயே ஏற்றலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம், தமிழிலும் பேசலாம்.

கடைசியாக நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். விமானம் ஏறியது கேரளத்தில், நிறுவனத்தின் தலைமையகம் டெல்லியில் என்றாலும் குமரி மாவட்டத்துக்காரர் நாகர்கோவிலிலேயே தாக்கல் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். டிக்கெட், பணம் கட்டிய சான்று, நேர மாற்ற மெசேஜ், நீங்கள் அனுப்பிய மெயில், அவர்கள் பதில் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி வையுங்கள். அக்கா வீட்டுக்காரர் எடுத்துத் தந்த டிக்கெட் என்றால் பணம் அவர் கணக்கிலிருந்து போன சான்றும் சேர்ந்திருக்கட்டும்.